நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே

சனவரி 7, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். உன் நலம் அறிய விழைகிறேன்.

‘மனைவிக்கு’ என்று தொடங்க உள்ளம் ஒப்பவில்லை. ‘முன்னாள் மனைவிக்கு’ என்று தொடங்க இன்னும் தீர்ப்பு வரவில்லை. எந்த நீதிமன்றமும் கலைக்க முடியாத உறவு ஒன்று நமக்குள் உண்டு. பதினேழு வயதான அந்த உறவு, காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு மாடியில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. அவளை வைத்தே உன்னை விளிக்கிறேன்.

பின்னாளில் ‘அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று எவரும் மறுக்காதபடி விதிகளை எழுத்தில் பதிகிறேன். நம் மணவிலக்குப் பேச்சை நடத்தும் நடுவர் அம்மையார் சொன்னது உனக்கு நினைவிருக்கும்: “நீங்க ரெண்டு பேரும் பேசினா மூணாவது வாக்கியத்துல சண்டை வந்துடுது. நானே விரல் விட்டு எண்ணிட்டேன். அதனால எழுதுங்க. நலம் கேட்டு ஆரம்பிங்க, நலம் சொல்லி முடிங்க, நடுவுல வீட்டைப் பத்தி மட்டும் எழுதுங்க.”

மணவிலக்கு முடியும் சூன் இறுதி வரை மகள் இவ்வீட்டிலேயே இருப்பாள். வாரம் மாற்றி வாரம் நாம்தாம் வந்து போக வேண்டும். ஞாயிறு நான்கு மணிக்கு ஒருவர் வெளியேற வேண்டும். ஐந்து மணிக்கு மற்றவர் நுழைய வேண்டும். இடையிலுள்ள ஒரு மணி நேரம், வாயிலில் நாம் முட்டிக்கொள்ளாமலிருக்க. கடிதத்தின் இடம் சர்க்கரை டப்பாவின் அடி. வீடு உனக்கா, எனக்கா, விலைக்கா என்பதைச் சூன் முடிவதற்குள் இருவரும் ஒருமித்து உரைக்க வேண்டும்.

என் முடிவை முதற்கடிதத்திலேயே முழங்கிவிடுகிறேன். வீடு உனக்கே! ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து வாங்கியவள் நீ. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி விளக்கடித்துப் பார்த்த பின்னரே குடிபுக இசைந்தவள் நீ. உன்னை இதிலிருந்து பெயர்த்தெடுக்க என் கை எழாது. எனக்குத் தொழிற்சங்க அலுவலக மாடியில் ஒரு கட்டில் கிடைத்துள்ளது. மின்விசிறி கொஞ்சம் கத்துகிறது; பொறுத்துக்கொள்வேன்.

சமையலறைக் குழாயை வலப்புறம் திருப்பினால்தான் மூடும். மறவாதே.

நலமாயிரு.

மின்தூக்கிகளைப் பழுதுபார்த்தும், மேடைகளில் தொண்டையைப் பழுதாக்கியும் திரியும்
வாலுவின் அப்பா


சனவரி 14, ஞாயிறு

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை வாலு உணவு மேசைமேல் ஏறி நின்று படித்தாள். முடிவில் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டு, “மைக் செட்டு மட்டுந்தான்மா குறைச்சல்” என்றாள்.

நான் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிப்பவள். கலங்கியிருந்தால் கலங்கியிருக்கிறது என்று எழுதுவேன். அவ்வளவே எனக்குத் தெரிந்த நடை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: வீடு உங்களுக்குத்தான். மாடி அறையை விடுமுறை விடுமுறையாக, தனியொருவராகக் கட்டினீர்கள். அது இடப்பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்திருக்கிறது என்பது வேறு செய்தி. பன்னிரண்டு ஆண்டுகளாக விழவில்லை. அதைக் கட்டியவரை வெளியே அனுப்பிவிட்டு என்னால் அதன்கீழ்த் தூங்க முடியாது.

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒரே சன்னல். போதும். வருந்த வேண்டாம்.

சமையலறைக் குழாய் இடப்புறம் திருப்பினால்தான் மூடுகிறது. நான்கு முறை சோதித்தேன்.

நலமாக இருங்கள்.

வாலுவின் அம்மா


பிப்ரவரி 4, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

நலமே. நீயும் நலமென நம்புகிறேன். முழங்கால் தன் கடமையை மறுத்துப் போராடுகிறது, பேச்சு நடத்திவருகிறேன்.

பின்கதவைக் கண்டாயா? இழைத்தேன், தேய்த்தேன், நீலம் பூசினேன். பதினொரு ஆண்டுகளுக்குமுன் நீ நீலம் என்றாய். நான் பழுப்பு என்றேன். அரைமணி நேரம் உரையாற்றி வென்றேன். அந்த வெற்றியைத்தான் இப்போது தூரிகையால் திருப்பித் தந்திருக்கிறேன். இனி இக்கதவைத் திறக்கும்போதெல்லாம் நீ மகிழ வேண்டும். இங்கேயே இருந்து மகிழ வேண்டும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அலமாரியில் உன் பக்கம் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வருகிறது. முதலில் புடவைகள், பிறகு புத்தகங்கள், இப்போது தையற்பெட்டியும் இல்லை. எனக்கு விட்டுக்கொடுப்பதற்காகவே உன்னை நீ கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக்கொள்கிறாய் என்பது எனக்குப் புரியாமலில்லை. இந்த ஈகம் வேண்டவே வேண்டா!

எதிர்வீட்டு ஒலிபெருக்கி வேறு தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். பேருந்து நடத்துநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. “என்ன தம்பி, போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மூணு மணிக்கே பையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு? டயம் மாத்திட்டீங்களா?” என் நிழல்கூட உன்மேல் படலாகாதென்றா ஒரு மணி நேரம் முன்பே போகிறாய்? அந்த அளவுக்கு நான் கொடியவனல்லன்.

நலமாயிரு.

வாலுவின் அப்பா


பிப்ரவரி 25, ஞாயிறு

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் படிக்கட்டில் கைப்பிடி போடச் செய்திருக்கிறேன். வலது முழங்காலுக்கு ஏற்ற உயரம். கூடத்து நாற்காலியையும் உயர்த்திப் புதுப்பஞ்சு வைத்தாயிற்று. வயதான காலத்தில் நீங்கள் இந்த வீட்டில் ஏறி இறங்க வேண்டுமே.

நீலம் நன்றாக இருக்கிறது. முதலில் அழுகை வந்தது. பிறகு கதவின் அடிப்பக்கம் பூச மறந்திருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

சீக்கிரம் கிளம்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேருந்து நேரம் அப்படி. ஒலிபெருக்கியார் என்னிடமும் செய்தி வாசித்தார்: “தம்பி ரெண்டு மணிக்கே தோள்ல பையோட ஓடுறாரும்மா. நான் விசிலடிச்சும் நிக்கல!” உங்களுக்கும் பேருந்து நேரம் என்றே நினைத்துக்கொண்டேன்.

கருவிப்பெட்டியைக் காணவில்லை. பரணிலும் இல்லை. வீட்டை எனக்கு விடுவதென்று முடிவுகட்டி எடுத்துப் போயிருக்கிறீர்கள். திருப்பிக் கொண்டுவந்து வையுங்கள். திருகாணி முடுக்கியைப் பிரிந்து உங்களால் இருக்க முடியாது.

செவ்வாயன்று நடுவர் அம்மையார் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “இருபது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். வீடு எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிறவங்களைத்தான் பார்த்திருக்கேன். உனக்கு உனக்குன்னு அடிச்சுக்கிற ஜோடியை இப்பத்தான் பார்க்கிறேன். இதுக்கு நான் எந்தப் படிவத்தை நிரப்புறது?”

நலமாக இருங்கள்.

வாலுவின் அம்மா


மார்ச்சு 18, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். நலமா?

கைப்பிடியைப் பிடித்து ஏறினேன், உயரம் மிகச்சரி. இத்தனை ஆண்டுகளில் என் முழங்காலை இவ்வளவு துல்லியமாக அளந்தவள் நீ ஒருத்தியே. மாடிச்சுவரின் ஈரக்கசிவை அடைத்துவிட்டேன்.

கருவிப்பெட்டியைப் பற்றிக் கவலை கொள்ளாதே. சங்க அறையில் அதற்கு நாள்தோறும் வேலை உண்டு. மாலையானால் எட்டுப் பேர் கூடிவிடுகிறோம். ஒருவன் ரேடியோவைப் பிரிப்பான். ஒருவன் கேரம் பலகையைத் துடைப்பான். நான் நாற்காலிமேல் ஏறி நின்று பேசுவேன். ‘இறங்குங்க’ என்று சொல்ல ஆளில்லை. “அண்ணே, இன்னொரு தடவை அந்த ரெண்டாவது பத்தியைச் சொல்லுங்க” என்கிறார்கள். இரண்டாவது பத்தியையே கேட்கிறார்கள், எண்ணிப் பார்! அந்த மின்விசிறி ஓசைகூட இப்போது தாலாட்டாய்…

மேற்கண்ட வரிகளை மறந்துவிடு. வீட்டை விட்டு இருப்பது துயரமே. துயரமன்றி வேறில்லை.

நலமாயிரு.

வாலுவின் அப்பா


மார்ச்சு 25, ஞாயிறு

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தில் எனக்கு ஐயமில்லை.

ஈரச்சுவர் காய்ந்துவிட்டது. நன்றி. தோட்டத்துக் குழாயில் வடிகட்டி மாற்றியிருக்கிறேன்.

உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அறைக்குப் போனால் அப்படித்தான். விடியலில் சன்னலைத் திறந்தால் நீர்த்தேக்கம் அசையாமல் கிடக்கும். ஒரு நாள் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் இருந்து பார்த்தேன். மாலையில் தேநீர் போட்டபோது நானே ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை. எனக்குப் பாட வரும் என்பதே

வீட்டைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. பின்கதவின் அடிப்பக்கத்துக்கு நானே நீலம் பூசிவிட்டேன்.

நலமாக இருங்கள்.

வாலுவின் அம்மா


ஏப்பிரல் 15, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

நலமா? விதிக்காகக் கேட்கிறேன்.

தரகரா? நம் வீட்டிலா? அளவுநாடாவை நீட்டி, அறை அறையாய் அளந்து, மாடியைத் தட்டிப் பார்த்து, “லேசா சாய்ஞ்சிருக்கு, பரவாயில்ல” என்றாராமே! யார் கட்டிய மாடியை யார் பரவாயில்லை என்பது? உன் வாரத்துப் புதன்கிழமை வந்தாரென ஒலிபெருக்கி உரைத்தார். அவர் உரைத்தால் ஊரே அறிந்ததென்று பொருள்.

வீடு உனக்கே என்று நான்கு மாதமாய் முழங்குகிறேன். வேண்டாமெனில் வேண்டாமென்று என்னிடம் சொல்லியிருக்கலாமே? ஒரு வரி எழுதியிருக்கலாமே? சர்க்கரை டப்பாவின் அடியில் இடமா இல்லை? என்னைக் கேளாமல், மகளைக் கேளாமல், அவள் தேர்வெழுதும் வேளையில், அவள் தலைக்கு மேலுள்ள கூரையை விலைபேசத் துணிந்தாயே! இதுவா நாம் ஒப்புக்கொண்ட நேர்மை?

இதற்குமேல் எழுதினால் இந்தக் கடிதமும் மூன்றாவது வாக்கியமாகிவிடும்.

வாலுவின் அப்பா


மே 13, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இம்முறை விதிக்காகக் கேட்கவில்லை.

சர்க்கரை டப்பாவை இரண்டு முறை தூக்கிப் பார்த்தேன். எறும்புகள் மட்டுமே இருந்தன. நேரில் உன் அமைதியை நான் அறிவேன். இருபது ஆண்டுப் பழக்கம். எழுத்தில் அது இன்னும் கனமாக இருக்கிறது.

சென்ற கடிதத்தில் குரலை உயர்த்திவிட்டேன். தாளில்கூட எனக்குத் தாழ்ந்த குரல் வாய்க்கவில்லை. பொறுத்துக்கொள். விற்க வேண்டுமென்று நீ எண்ணினால் சொல், கையெழுத்திடுகிறேன். என் அச்சமெல்லாம் ஒன்றே: இவ்வீட்டை இழந்தபின் நீ எப்படி இருப்பாய் என்பதே.

நலமாயிரு.

வாலுவின் அப்பா


மே 20, ஞாயிறு, காலை

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒரு படி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. இன்னொன்றை அம்மாவின் பச்சைப் பைக்குள் முன்பே செருகிவிட்டேன். தேர்வு முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

தரகரை அழைத்தது நான். தெருமுனையில் அவர் கடை. வந்ததும், “பாப்பா, வீட்ல பெரியவங்க இல்லையா?” என்றார். “இருக்காங்க அங்கிள், ஆனா இங்க இல்ல” என்றேன். அம்மா அப்போது ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அப்பா திட்டியது தவறான ஆளை. அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு எழுதப் போகிறேன் என்றபோது, “பொறு, நான் எழுதணும்” என்றார். நான்கு முறை எழுதினார். நான்கையும் கிழித்தார்.

ஏன் அழைத்தேன் தெரியுமா? நான்கு மணிக்குப் போக வேண்டியவர்கள் சனவரித் தொடக்கத்தில் நான்கு மணிக்குப் போனீர்கள். பிப்ரவரிக்குள் அம்மா மூன்று, அப்பா இரண்டு. ஏப்பிரலில் இருவருமே சாப்பிட்ட கை காய்வதற்குள். போன ஞாயிறு அப்பா தட்டையே கழுவவில்லை. வெள்ளிக்கிழமையே பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கிறீர்கள். இருவரும் அதே கதவுக்குப் பின்னால்தான்! ஐந்து மணிக்கு உள்ளே வரும்போது மட்டும் ஆசிரியர் அறைக்குள் நுழைகிற மாணவர் முகம்.

உங்கள் புண்ணியத்தில் ஒரு மணி நேரமாக இருந்த என் தனிமை ஐந்து மணி நேரமாக வளர்ந்துவிட்டது. அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூடத்தின் நடுவில் படுத்துக்கொண்டு, வீட்டில் யாருமில்லாத ஓசையைக் கேட்பேன். அப்படிப் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது, எனக்கும் இந்த வீடு தேவைப்படவில்லை. பாலங்கள் கட்டும் படிப்புக்கு வெளியூரில் விண்ணப்பித்திருக்கிறேன். விடுதியில் இடம் உண்டு. நான் போய்விட்டால் வீட்டை யாருக்காக வைத்திருக்கிறோம் என்று நீங்கள் உடைந்துபோவீர்களோ என்று சொல்லாமல் இருந்தேன். நானும் உங்கள் மகள்தானே.

மூன்று பேரும் காவல் காக்கிறோம். குடியிருக்கத்தான் ஆளில்லை.

நலம் சொல்லி முடிக்க வேண்டுமாம். நலம், நலம், நலம்.

வாலு


சூன் 3, ஞாயிறு

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்கள்?

இது ஐந்தாவது தாள். இதைக் கிழிக்க மாட்டேன்.

‘தரகரை நான் அழைக்கவில்லை’ என்ற ஒரு வரி போதுமாயிருந்தது. எழுதினேன். அடுத்த வரியாக ‘எனக்கு விற்கும் எண்ணமே இல்லை’ என்று எழுதப் போனேன், பேனா நகரவில்லை. நீங்கள் திட்டியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ‘நாம் ஏன் அழைக்காமல் போனோம்’ என்றுதான் தோன்றியது. கலங்கிய நீரைத் தெளிந்தது என்று நான் எழுதியதே இல்லை. இந்த வீட்டு விவகாரத்தில் மட்டும் ஐந்து மாதம் எழுதியிருக்கிறேன்.

எனக்கு அந்த ஒற்றைச் சன்னல் அறை பிடித்திருக்கிறது. அலமாரி இளைத்தது ஈகத்தால் அல்ல. ஒவ்வொன்றாக என் அறைக்கு எடுத்துப் போனேன். இந்த வீட்டை நான் வெறுக்கவில்லை. இதில் எனக்கு வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இதைச் சொன்னால், மாடி கட்டிய உங்கள் கைகளை அவமதித்ததாகுமோ என்று அஞ்சினேன்.

உங்கள் கருவிப்பெட்டி எங்கே மகிழ்ச்சியாக இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.

வாலு தரகரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர் இரட்டைக் குழந்தைகளுடன் வியாழனன்று பார்க்க வருகிறார். உங்கள் வாரம். வீட்டைக் காட்டும்போது உரையாற்ற வேண்டாம்.

நலமாக இருங்கள்.

வாலுவின் அம்மா


சூன் 25, திங்கள்

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். சாவியைக் கொடுத்த கைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நேற்று நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நடுவர் அம்மையார் தம் கோப்பை மூட ஒரு கடிதம் கேட்டார்: “எப்படி முடிஞ்சுதுன்னு யாராவது ஒருத்தர் எழுதுங்க. அவர் எழுதினா கோப்பு பத்தாது, நீங்களே எழுதுங்க.” அதனால் எழுதி, ஒரு படியை உங்களுக்கு அனுப்புகிறேன்.

வீடு ரொட்டிக்கடைக்காரருக்கு என்று முடிவாகிவிட்டது. கடைசி ஞாயிறு, ஐந்து மணிக்கு உள்ளே வர யாருமில்லை. நான் நாலேகாலுக்குப் போனேன். குழாய் நீரில் கடைசியாக ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று கையில் ஒரு புட்டியும் கொண்டுபோயிருந்தேன். யாருக்குச் சொல்லவிருந்த சாக்கு என்று தெரியவில்லை. கூடத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். பன்னிரண்டுக்கே போனவர், அளவுகோலை மறந்துவிட்டேன் என்றீர்கள். மாடியிலிருந்து வாலு இறங்கி வந்தாள். அவள் சாக்கு எதுவும் சொல்லவில்லை.

மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். வாலு, நடுவர் அம்மையாரைப் போல, விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

“ரொட்டிக்கடைக்காரர் குழந்தைங்க மாடியில கோலிக்குண்டை வச்சாங்களாம். அதுவா உருண்டு ஓடுச்சாம். இந்த வீடுதான் வேணும்னு அழுகையாம்” என்றேன். ஒரு விரல்.

“அந்த ரெண்டு விரற்கடைக்கு இவ்வளவு நாள் வெட்கப்பட்டேன்” என்றீர்கள். இரண்டு விரல்.

“குழாய் இடப்பக்கம் மூடும்னு அவங்க கிட்ட சொன்னீங்களா?”

“வலப்பக்கம்னு சொல்லியிருக்கேன்.”

வாலுவின் மூன்றாவது விரல் பாதியில் நின்றது. நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போனீர்கள். தண்ணீர் கொட்டியது, நின்றது, மறுபடி கொட்டியது, நின்றது. திரும்பி வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, “இடப்பக்கந்தான்” என்றீர்கள். அவ்வளவே. உரை இல்லை.

நாற்பத்தொன்று வரை எண்ணினேன் என்று வாலு சொல்கிறாள். அதற்குமேல் எண்ண மறந்துவிட்டாளாம்.

மாதிரியைச் சோதித்துவிட்டேன். தெளிவாக இருக்கிறது.

நலமாக இருங்கள்.

வாலுவின் அம்மா


சூலை 1, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். சனவரியிலிருந்தே நலம், எழுத வெட்கமாக இருந்தது. முழங்கால் வலி மட்டும் உண்மை.

தீர்ப்பு கைக்கு வந்துவிட்டது. விதிகள் முடிந்தன.

சங்க அறைக் குழாய் ஒழுகுகிறது. எந்தப் பக்கம் திருப்புவதென்று எனக்கு ஐயம். அடுத்த ஞாயிறு நான்கு மணிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறேன். ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்வேன்.

நலமாயிரு.

வாலுவின் அப்பா